குகைப் படத்தோடு கடல் நிலவரத்தையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஃபிங்கல் குகையின் படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், மல் தீவுக்குப் பக்கத்தில், ஸ்டாஃபா என்று ஆள் குடியில்லாத சின்னத் தீவு ஒன்று இருக்கிறதே, அதன் தென்முனையில் உள்ள கடற்குகை. கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் நான் மூன்று முறை கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருக்கிறேன். அதனால் படத்தைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் கீழே 'பால் போல் அமைதியான கடல்' என்று எழுதியிருந்ததைப் படித்த பிறகு இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கடல் அமைதியாக இருந்திருக்காது. தூண்களின் அடியில் வெள்ளைப் புகை படிந்தாற்போல் தெரிகிறதே, அது கேமராவுக்குள் ஒளியை விடும் ஷட்டரைப் பல விநாடிகள் திறந்து வைத்து எடுத்ததற்கான அடையாளம். குகை வாய் கண் கூசும் வெளிச்சம், உள்ளே போகப் போக இருட்டு, அந்த இருட்டில் உள்ளதும் படத்தில் தெரிய முக்காலியை நிறுத்தி நிதானமாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும், அந்த நேரத்துக்குள் வந்து மோதிய அலைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து கடைசியில் வழுவழுவென்று மூடுபனி மாதிரி ஆகிவிடும். அழகுதான், நானும் அப்படி எடுத்திருக்கிறேன். ஆனால் அதே இடத்தில் நின்று 1/500 விநாடியில் ஒன்று எடுத்துப் பாருங்கள், நுரை சுவரில் ஏறி நிற்பது தெரியும்.

நான் முதல் தடவை போனபோது இறங்கவே முடியவில்லை. ஓபன் துறைமுகத்தில் கப்பல் ஏறி மல் தீவு, அந்தத் தீவின் மறுகோடியில் ஃபியன்ஃபோர்ட் ஊர், அப்புறம் சின்னப் படகு என்று பாதி நாள் பயணம். வெயில் அடித்தது, காற்று என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனாலும் இறங்குதுறையில் படகு ஓர் ஆள் உயரத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. படகோட்டி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு 'இன்றைக்கு இல்லை' என்று திருப்பிவிட்டார். எங்கோ அட்லாண்டிக்கில் அடித்த புயல் எழுப்பிய அலை அது. நம்ம கன்னியாகுமரிப் பக்கம் கள்ளக்கடல் என்பார்களே, அதே சங்கதி. காற்று இருக்காது, மழை இருக்காது, கடல் மட்டும் திடீரென்று மேலே ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனதை உங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போதும் விடுக்கப்பட்டுத்தான் இருந்தது.

அடுத்த இரண்டு தடவையும் இறங்கினேன். கரையில் கிடைப்பது சுமார் ஒரு மணி நேரம்தான். அறுகோணமாக உடைந்த கருங்கல் தூண்களின் தலைமேல் கால் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டே குகைக்குள் போக வேண்டியிருந்தது, ஈரமாக இருந்தால் வழுக்கும். சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் வழிந்த எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கும்போது விரிசல் விட்டு உண்டான தூண்கள் அவை. உள்ளே ஏறக்குறைய 70 மீட்டர் ஆழம். அலை உள்சுவரில் போய் மோதித் திரும்பும்போது எழும் ஓசையைக் கேட்டால், அந்தப் பகுதியின் பழைய மொழியான கேலிக்கில் இதற்கு 'இனிய இசைக் குகை' என்று ஏன் பெயர் வந்தது என்று புரியும். 1772இல் ஜோசப் பாங்க்ஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் வந்து வெளியுலகத்துக்குச் சொல்வதற்கு முன்பே அந்தப் பகுதி மக்களுக்கு இந்தக் குகை தெரிந்திருந்தது. உங்கள் படத்தில் அந்த ஓசை வராது, சரி, எந்தப் படத்திலும் வராது. ஆனால் ஓசை எழுப்புகிற அந்த அலையையாவது மறைக்காமல் காட்டலாம்.

படம் பிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மேகமூட்டமான நாளே நல்லது, வெளிச்சமும் நிழலும் ஒன்றோடொன்று சண்டை போடாது. உப்புச் சாரல் லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும், துடைக்க நாலைந்து துணி வேண்டும். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துவிட்டால் கடல் மறந்துபோகும் என்பதால் என் மனைவி எனக்குப் பக்கத்தில் நின்று கடலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். துணைக்கு ஆள் இல்லாமல் போகவே போகாதீர்கள்.

இவ்வளவும் எழுதக் காரணம், சென்னையில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன். உங்கள் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'மாமா, லீவுக்கு வர்றப்ப இதுக்குள்ள நீந்திப் போலாமா?' என்று கேட்டான். அவன் மேல் தப்பில்லை. பால் போல அமைதி என்று அச்சில் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அதனால் கடற்குகைப் படம் எது போட்டாலும், எந்த மாதம் எடுத்தது, ஷட்டர் எத்தனை விநாடி திறந்திருந்தது, அன்றைக்கு அலை எப்படி, படகிலிருந்து கரையில் இறங்க முடிந்ததா என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். ஸ்டாஃபாவில் ஒரே பாறையில் நின்று சில நிமிட இடைவெளியில் நான் எடுத்த இரண்டு படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒன்று 15 விநாடி, மற்றது 1/500 விநாடி. பணம் எதுவும் வேண்டாம், இரண்டையும் அருகருகே வைத்துப் பிரசுரியுங்கள், என் அக்கா மகன் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
கிளாஸ்கோவிலிருந்து ஒரு வாசகர்