நிலையான ஐபி முகவரிக்குக் காசு வாங்கிக்கொண்டு இன்னும் தராதது பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கால் சென்டருக்கு இனி போன் செய்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பேசிப் பேசித் தொண்டை வற்றிவிட்டது. ஒவ்வொரு தடவையும் புது ரெஃபரன்ஸ் நம்பர், புது ஆள், மறுபடி முதலிலிருந்து கதை, கடைசியில் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற அதே பதில்.

நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். என் வீட்டில் ஒரு சர்வர், அதாவது ஒரு இணையதளத்தை நடத்தும் கணினி, ஓடுகிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பன் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள் தொடங்கி, 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பட்டியல், குடும்பப் படங்கள், பேரப்பிள்ளைகள் எழுதித் தந்த குறிப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. தாத்தாவின் பெயரையும் ஊரையும் தேடி ஃபீனிக்ஸிலிருந்தும் டோங்காட்டிலிருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்தும் சனங்கள் வருவார்கள். அவர்கள் என்னை நம்பித் தந்த படங்கள் அவை. அதனால்தான் வெளியே எங்கேயோ வைக்காமல் என் கண்ணெதிரில் வைத்திருக்கிறேன். அது என் விருப்பம்.

லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு வந்து போகும் ஒவ்வொரு தடவையும் ரவுட்டர் புது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் என் வீட்டைக் காட்டும் எண், வாங்கிக்கொள்ளும், தளம் கொஞ்ச நேரம் காணாமல் போகும். அந்தத் தொல்லை வேண்டாம், மாறாத முகவரி வேண்டும் என்றுதான் போன் கம்பி வழியே இணையம் தரும் உங்கள் வணிக டிஎஸ்எல் பேக்கேஜுக்கு மாறினேன். நீங்கள் விற்றது எட்டு முகவரி கொண்ட ஒரு தொகுதி, அதன் அளவைக் குறிக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.248. முதலாவதும் கடைசியும் பயன்படாது, ஒன்று ரவுட்டருக்குப் போகும், மீதி ஐந்து எனக்கு. இது உங்கள் சொந்தச் சரக்கு, நான் உங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆனால் எடுக்க வேண்டியிருக்கிறது! உங்கள் ஆட்களில் ஒருவர் என் கணினிக்கு 192.168.1.10 என்று போடச் சொல்லிவிட்டு, இதோ நிலையான ஐபி கிடைத்துவிட்டது என்றார். அது வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரி, உலகத்தில் கோடி வீட்டில் இருக்கும், அதை வைத்து வெளியிலிருந்து யார் என் தளத்துக்கு வர முடியும்? இன்னொருவர், ரவுட்டரில் யூசர்நேம் கொடுத்து இணையும் பிபிபிஓஇ அமைப்பை எடுத்துவிட்டு 'ஸ்டாட்டிக்' என்பதைத் தேர்ந்தெடுத்து முகவரியைக் கையால் அடிக்கச் சொன்னார். அடித்ததும் இருந்த இணைப்பும் செத்தது. உங்கள் டிஎஸ்எல்லில் யூசர்நேமை வைத்து உங்கள் பக்கத்திலிருந்துதான் முகவரி வர வேண்டும் என்பது அவருக்கே தெரியவில்லை.

இப்போது என் ரவுட்டருக்குக் கிடைப்பது 100.72 என்று தொடங்கும் முகவரி. 100.64 முதல் 100.127 வரை உள்ளவை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை அடைத்து வைப்பதற்கு நிறுவனங்கள் பயன்படுத்துபவை. வெளியிலிருந்து அதற்குள் ஒன்றும் வராது. தளத்துக்கு வருபவர்கள் நுழையும் வாசல்களான போர்ட் 80, 443 இரண்டையும் நான் எத்தனை ஒழுங்காக என் சர்வருக்கு ஃபார்வர்ட் செய்து வைத்தாலும் பயனில்லை. போர்ட் 80 திறக்காததால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் புதுப்பிக்க முடியாமல் காலாவதியாகிவிட்டது. பழைய மலிவு பேக்கேஜில் முகவரி மாறினாலும் தளம் திறந்தது. அதிகக் காசு கொடுத்த பிறகு அடியோடு மூடிக் கிடக்கிறது. இது என்ன நியாயம்?

உம்ஷ்லாங்கா அலுவலகத்துக்குப் போன கதையையும் சொல்ல வேண்டும். ரவுட்டரைக் கொண்டுவந்தால் பார்த்துத் தருவோம் என்று போனில் சொன்னதால்தான் கழற்றி எடுத்துக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, என்2 நெரிசலில் உட்கார்ந்து போனேன். கவுண்டரில் இருந்தவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இங்கே போன் விற்பனை மட்டும்தான் என்றார். சரி, யாரிடம் பேசுவது என்று கேட்டதற்கு கால் சென்டருக்கு அடியுங்கள் என்றார். அங்கே நின்றுகொண்டே அடித்தேன். எடுத்தவர் தன்னை சூப்பர்வைசர் என்றார். வீட்டில் யார் சர்வர் வைப்பார்கள், பேசாமல் பேஸ்புக்கில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு லைனை வெட்டினார். ஐயா, என் வயதுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா? அந்த அழைப்பு உங்களிடம் பதிவாகியிருக்கும், போட்டுக் கேளுங்கள். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் இதை விடப்போவதில்லை.

நடுவில் டெக்னீஷியன் ஒருவரும் வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். லைனைச் சோதித்தார், வேகம் நன்றாக இருக்கிறது என்றார், போய்விட்டார். லைனில் பழுது என்று நான் எப்போது சொன்னேன்? செம்புக் கம்பி இந்தப் பக்கம் அடிக்கடி திருடு போவது உண்மைதான், இந்தத் தடவை அதுவும் இல்லை. உங்கள் கணினியில் என் யூசர்நேம் இன்னும் பழைய வீட்டு இணைப்புப் பட்டியலிலேயே இருக்கிறது, அதை வணிகப் பட்டியலுக்கு மாற்றி என் எட்டு முகவரியை அதோடு இணைக்க வேண்டும், அவ்வளவுதான்! தெரிந்த ஒருவர் உட்கார்ந்தால் தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை.

வங்கிக் கணக்கிலிருந்து நீங்கள் எடுக்கும் டெபிட் ஆர்டர் மட்டும் மாதா மாதம் தவறாமல் போகிறது, நிலையான ஐபிக்கான தனிக் கட்டணம் உட்பட. தளத்தை மூடிவிட்டேன் என்று ஊரெல்லாம் பேச்சு. படம் கொடுத்த பெரியவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். இத்தனை வருட உழைப்பு மண்ணாகிவிட்டது, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. ட்ரூரோ வந்து சேர்ந்த நாளான நவம்பர் 16க்கு முன் தளம் எழவில்லை என்றால் எத்தனை ரேண்ட் கொடுத்தாலும் அது ஈடாகாது.

உங்களோடு சண்டை போடும் ஆசை எனக்கில்லை. சேவை சரியாக இருந்தால் இங்கேயே இருக்கத்தான் விருப்பம். தயவுசெய்து முகவரித் தொகுதியை என் யூசர்நேமோடு இணைத்து, அந்த முகவரிகளையும் கேட்வேயையும் (வெளி இணையத்துக்குப் போகும் வழியின் முகவரி) எழுத்தில் அனுப்புங்கள். மாறிய நாளிலிருந்து எடுத்த கூடுதல் கட்டணத்தைத் திருப்பிப் போடுங்கள். இதை முறையான புகாராகவே பதிவு செய்யுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீராவிட்டால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஐகாசாவுக்கு எழுதுவேன். தரமான சேவை கேட்கும் உரிமையைத் தரும் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆவது பிரிவைக் காட்டி தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். ரெஃபரன்ஸ் நம்பர்கள் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், பிரதி இணைத்துள்ளேன்.

பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வணிக டிஎஸ்எல் வாடிக்கையாளர்,
சாட்ஸ்வர்த், டர்பன்