என் ஃபியட் புன்ட்டோ இன்னும் ஓடுதான்னு கேட்ட பங்காளிக்கு

பங்காளி,

நல்லாருக்கியா. உன் லெட்டர் வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, உடனே எழுதணும்னுதான் இருந்தேன், கம்பெனில ஆடிட்டு, அது முடியறதுக்குள்ள அத்தைக்கு கண் ஆபரேஷன், அதுக்குள்ள சின்னவளுக்கு காலேஜ் அட்மிஷன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு இழுத்துட்டே போயிருச்சு. அத்தை இப்ப சூப்பரா பார்க்கறாங்க, சீரியல்ல எவ எந்த சேலைய ரெண்டாவது தடவை கட்டியிருக்கான்னு வரைக்கும் சொல்றாங்க. சின்னவ சிவில் எடுத்திருக்கா, நாங்க எல்லாம் கம்ப்யூட்டர் எடு எடுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டோம், கேக்கல. சரி அவ இஷ்டம்.

உன் எலக்ட்ரிக் கார் போட்டோ பார்த்தேன். டேஷ்போர்டுல டிவி மாதிரி ஒண்ணு மாட்டியிருக்கான், அதுல ஏசி கூட்டறதுக்கு மூணு எடத்துல தொடணுமாமே, கண்ணு ரோட்டுல இருக்குமா டிவில இருக்குமா? பொறாமைல சொல்றேன்னு நினைச்சுக்காத, கொஞ்சம் பொறாமையும்தான்.

கடைசில ஒரு வரி போட்டிருந்த பாரு, "அந்த இத்தாலிக்காரன் இன்னும் ஓடுறானா, இல்ல கோழி அடைய விட்டுட்டியா"ன்னு. அதோட உன் அக்கா மகனுக்கு ஒரு பழைய புன்ட்டோ கம்மி விலைக்கு வருது, வாங்கலாமான்னு வேற கேட்டிருக்க. ரெண்டுக்கும் சேர்த்து எழுதறேன், காபி எடுத்துட்டு உக்காரு, கொஞ்சம் நீளும்.

ஓடுதுடா, அந்த இத்தாலி கம்பெனி ஃபியட்டோட புன்ட்டோ. 2012 மாடல், 1.3 மல்டிஜெட் டீசல், நான் செகண்ட்ஸ்ல ரெண்டு லட்சத்துக்குள்ள எடுத்தது உனக்கே தெரியும். அன்னிக்கு அதே வருச ஸ்விஃப்ட் டீசலுக்கு கிட்டத்தட்ட டபுள் சொன்னாங்க. இதுல என்ன கூத்துன்னா ரெண்டு வண்டிக்குள்ளயும் இருக்கறது ஒரே இன்ஜின்டா! 1248 சிசி, ஃபியட் டிசைன், மாருதிக்காரன் லைசென்ஸ் வாங்கி இங்கயே செஞ்சு டிடிஐஎஸ்னு பேர் வச்சு வித்தான், டாடாக்காரன் இண்டிகா விஸ்டாலயும் மான்ஸாலயும் குவாட்ராஜெட்னு வச்சான். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ்னு ஊர்ல பாதி வண்டி அந்த இன்ஜின்லதான் ஓடுச்சு, இதுதான் நாட்டோட தேசிய இன்ஜின்னு பத்திரிகைக்காரங்க கிண்டலாவும் பெருமையாவும் எழுதுவாங்க. 2020ல பிஎஸ்6ங்கற புது புகை விதி வந்தப்பதான் அது நின்னுச்சு. டாக்ஸி ஸ்டாண்டுல போய் டிசையர் டிரைவர் எவனை வேணா கேளு, லட்சக்கணக்குல கிலோமீட்டர் ஓட்டிட்டு சும்மா நிப்பான். ஆனா அதே இன்ஜின் இத்தாலிக்காரன் போனட்டுக்குள்ள இருந்தா மட்டும் "ஐயோ ஃபியட்டா, ரிப்பேர் வண்டியாச்சே"ம்பான். அந்த "ஐயோ"தான் எனக்கு கெடச்ச டிஸ்கவுண்டு.

சரி, அந்த கெட்ட பேரு சும்மா வந்துச்சான்னா, சும்மா வரல. வெளிநாட்டுல இத்தாலி வண்டின்னாலே துருங்கற பேரு இருந்துச்சு, லான்சியா பீட்டான்னு ஒரு வண்டி, 1980ல இங்கிலாந்துல துருப்பிடிச்ச வண்டிய கம்பெனியே திருப்பி வாங்கற அளவுக்கு போச்சு. நம்மூர் கதை வேற. நம்ம அப்பாங்க காலத்துல ஃபியட்டுன்னா நம்பிக்கை. 1964ல இருந்து பிரீமியர்காரன் பம்பாய் குர்லால செஞ்ச அந்த 1100, பின்னாடி பத்மினி ஆச்சே, அதுக்கு பஸ் ஸ்டாண்டுக்கு பஸ் ஸ்டாண்டு மெக்கானிக் இருந்தான், கார்பரேட்டர வாயால ஊதியே சரி பண்ணுவான். பேரு கெட்டது அதுக்கப்புறம்தான். யூனோ வந்தப்ப புக்கிங் குவிஞ்சுது, ஃபேக்டரில தொழிலாளர் பிரச்னை, வண்டி வந்து சேரல, பணம் கட்டினவன் வயித்தெரிச்சல் ஊர் பூரா பரவுச்சு. 2001ல பாலியோ வந்துச்சு, சச்சின் விளம்பரம், ஞாபகம் இருக்கா, 1.6 ஜிடிஎக்ஸ்னு நூறு குதிரைசக்தி ஹேட்ச்பேக், அந்த காலத்துல நம்மூர்ல அது பெரிய விசயம், ஆனா பெட்ரோல் குடிக்குதுன்னு சொல்லியே கொன்னுட்டாங்க. அப்புறம் டாடா ஷோரூம்ல ஃபியட் வித்தாங்க, பெறகு அதுவும் வேண்டாம்னு 2012, 13 வாக்குல தனியா பிரிஞ்சாங்க, 2019 வாக்குல புன்ட்டோவும் லீனியாவும் போயே போச்சு, புனே பக்கம் ரஞ்சன்காவ்ல இருக்கற ஃபேக்டரில இப்ப ஜீப்பும் டாடா வண்டியும்தான் செய்யறாங்க. இத்தனை தடவை வாசல் மாறின வண்டிய எவன் நம்பி வாங்குவான், அவனயும் குத்தம் சொல்ல முடியாதுல்ல.

நான் பம்ப் கம்பெனில இவ்வளவு காலமா சர்வீஸ் கம்ப்ளெயிண்ட் பார்க்கறவன், அதனால எனக்கு இது ஆச்சரியமே இல்ல. எங்க மோட்டார விட மட்டமான காஸ்டிங்க போட்டு விக்கறவன் மோட்டார் பொள்ளாச்சி பக்கம் நல்ல பேரோட ஓடுது, ஏன்னா காயில் போச்சுன்னா அன்னிக்கு சாயந்தரமே கட்டித்தர ஆள் பக்கத்துலயே இருக்கான். எங்களுது பழுதாகறது கம்மி, ஆனா பழுதாச்சுன்னா நாலு நாள் தென்னைக்கு தண்ணி இல்ல. தோட்டத்துக்காரன் எதை ஞாபகம் வச்சிருப்பான் சொல்லு. ஃபியட் கதையும் அச்சு அசலா இதேதான்.

என் வண்டி என்ன செலவு வச்சுதுன்னு மறைக்காம சொல்லிர்றேன். வாங்கினப்ப ஸ்பீடு பிரேக்கர்ல முன்னாடி "டொக்கு டொக்கு"ன்னு சத்தம், சக்கரத்த தாங்கற லோயர் ஆர்மோட ரப்பர் புஷ் தேஞ்சு போயிருந்துச்சு, நம்ம ரோட்டுக்கும் அந்த டீசல் இன்ஜின் முன்னாடி உக்காந்திருக்கற கனத்துக்கும் அது தேயத்தான் செய்யும். அதை மாத்தினேன். கிளட்ச் மாத்தினேன், முன்னாடி ஓட்டினவர் கிளட்ச் மேல கால வச்சுட்டே ஓட்டுவார் போல, அவரயும் சொல்லி குத்தமில்ல, அந்த மாடல்ல கிளட்சுக்கு இடது பக்கம் கால் வைக்கவே எடம் கெடயாது, பெடல் இருக்கற பள்ளமே குறுகல், என் பத்தாம் நம்பர் செருப்ப போட்டுட்டு ஓட்டினா பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒண்ணா மாட்டும். ஒரு தடவை எலி வயர கடிச்சு வச்சுருச்சு. பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு கொண்டு போனா ஸ்கேனர மாட்டி பார்த்துட்டு "சார் ஈசியூ, அதான் இன்ஜின் கம்ப்யூட்டர், போயிருச்சு, ஃபியட்ல இதெல்லாம் சகஜம்"னு பெரிய தொகையா ஒண்ணு சொன்னான். எனக்கு மனசு ஒப்பல. நம்ம கணபதில ஒரு பெரியவர், பழைய பத்மினி காலத்து ஆளு, அவர்கிட்ட விட்டேன். அவரு ஸ்கேனர தொடவே இல்ல, போனட்ட தூக்கி, டார்ச்ச பல்லுல கடிச்சுட்டு, வயர் கட்ட விரலால தடவிட்டே போனாரு, ஒரு எடத்துல நின்னாரு, டேப்ப பிரிச்சா உள்ள ரெண்டு வயர் மட்டும் காப்பர் தெரியற மாதிரி நறுக்கியிருக்கு. சால்டர் வச்சு ஸ்லீவ் போட்டு, முன்னூறு ரூபாய் வாங்கிட்டு, "எலிக்கு இத்தாலி என்ன ஜப்பான் என்ன தம்பி"ன்னாரு.

இன்ஜின்ல இதுவரைக்கும் ஒண்ணும் கை வைக்கல. ஆனா அதுக்கு ஒரு பத்தியம் இருக்கு, உன் அக்கா மகன் காதுல போட்டு வை. அதுல டைமிங் பெல்ட் கெடயாது, செயின், அந்த செயின டைட்டா புடிச்சுக்கறதே ஆயில் பிரஷர்லதான். ஆயில் பிடிக்கறதே மூணு லிட்டர் சொச்சம், அது பழசாகி கருத்து கஞ்சி மாதிரி ஆகற வரைக்கும் ஓட்டினா செயின் தளர்ந்து காலைல ஸ்டார்ட் பண்ணும்போதே முன்னாடி பக்கம் சலசலன்னு கேக்கும். செயின் போச்சுன்னா இன்ஜினே போச்சு. அதனால வண்டிய பார்க்க போறப்ப முன்கூட்டியே சொல்லி வைங்க, ராத்திரி நின்னது நின்னபடி இருக்கணும், நீங்க போன பெறகுதான் ஸ்டார்ட் பண்ணணும்னு. சூடு பண்ணி வச்சுட்டு காமிச்சான்னா நடைய கட்டிருங்க. ஃபில்டர், இன்ஜின் சாமான் எல்லாம் ஸ்விஃப்ட்டோடது நெறைய சேரும், அதுல பயமே வேண்டாம்.

பயப்பட வேண்டியது பாடில. ஹெட்லைட்டு, பம்பர், கதவு கைப்பிடி, கண்ணாடி, லாக்கு, இதெல்லாம் வேற கம்பெனி வண்டி எதுலயும் கெடயாது. இப்ப ஃபியட்டயும் பார்த்துக்கற ஜீப் சர்வீஸ் சென்டர்ல ஆர்டர் போடலாம், வரும், எப்ப வரும்னு மட்டும் கேக்கக்கூடாது. உக்கடம் பழைய மார்க்கெட்ல தேடலாம், ஓனருங்க வாட்ஸ்அப் குரூப்ல பிச்சை எடுக்கலாம், நான் மூணும் பண்ணியிருக்கேன். இன்னொண்ணு, பழைய வண்டிக்கு இன்சூரன்ஸ்காரன் போடற மதிப்பு ரொம்ப கம்மி, சின்ன இடிக்கே சாமான் விலை அதை தாண்டிருச்சுன்னா டோட்டல் லாஸ்னு எழுதிருவான்.

இவ்வளவு சொல்லிட்டு ஏன்டா வச்சிருக்கன்னு கேப்ப. போன மாசம் வால்பாறை போனோம், அத்தையும் கூட. ஆழியார்ல இருந்து நாப்பது ஹேர்பின் பெண்டு. ரெண்டாயிரம் ஆர்பிஎம்முக்கு கீழ அந்த இன்ஜின் தூங்குமூஞ்சி, பெண்டுல ஸ்லோ பண்ணி ரெண்டாவது கியர்ல சோம்பலா விட்டீன்னா மதிக்கவே மதிக்காது, ஃபர்ஸ்டு போடணும், அப்புறம் டர்போ புடிச்சதும் முதுகுல ஒரு கை வச்சு தள்ளும் பாரு. ஸ்டீரிங் ஹைட்ராலிக், இப்ப வர்ற எலக்ட்ரிக் ஸ்டீரிங் மாதிரி பஞ்சா சுத்தாது, கைக்கு கனம் தெரியும், ரோட்டுல கல்லு இருக்கா மணல் இருக்கான்னு உள்ளங்கைல சொல்லும். குழில விழுந்தா ஸ்பிரிங் ஒரு தடவை அமுங்கி எழும், அவ்வளவுதான், அத்தை மேல போய் கீழ வர்றவரைக்கும் ஒரு எலுமிச்சம்பழம் கூட எடுத்து மோந்து பார்க்கல. மச்சான் பெரிய வண்டில போனா பதினஞ்சாவது பெண்டுலயே நிறுத்த சொல்ற ஆளு அவங்க. வீட்ல கூட இப்ப "வித்துரலாமா"ன்னு கேக்கறத நிறுத்திட்டா.

ஒண்ணே ஒண்ணு, கதவ சாத்தினா "தொப்"னு கனமா கேக்குது, அதனால சேஃப்டின்னு நம்மாளுங்க மீசைய முறுக்குவாங்க, அதை நம்பாதீங்க. இதே கிராண்டே புன்ட்டோக்கு 2005ல வண்டிய மோத விட்டு பார்த்து ஸ்டார் குடுக்கற ஐரோப்பா அமைப்பு யூரோ என்கேப் அஞ்சு ஸ்டார் குடுத்துச்சு, 2017ல அதே வண்டிய திரும்ப டெஸ்ட் பண்ணி பூஜ்யம் குடுத்துருச்சு, வண்டி மாறல, அளக்கற கோல் மாறிருச்சு. இங்க வித்ததுல கீழ் வேரியண்டுல ஏர்பேக்கே கெடயாது. என்னோடதுல ரெண்டு இருக்கு. பையனுக்கு பார்க்கறது எந்த வேரியண்டுன்னு கேட்டுக்கோ, ஏர்பேக் இல்லன்னா விலை எவ்வளவு கம்மியா இருந்தாலும் வேண்டாம்.

அப்ப வாங்கலாமா? அவனுக்கு அது ஒரே வண்டியா, டெய்லி ஆபீஸ் போகணுமா, அப்ப வேண்டாம், வேற பாரு. ஒரு சாமானுக்கு ரெண்டு வாரம் வண்டி நின்னா அவன் உன்னத்தான் திட்டுவான். வீட்ல இன்னொரு வண்டி இருக்கு, ஞாயித்துக்கெழம கைல கிரீஸ் பட்டா சந்தோசப்படற ஆளுன்னா தாராளமா வாங்கட்டும். அவன் பார்க்கறது 2013 மாடல்ங்கறதால 2028ல ஆர்சி புதுப்பிக்கணும், கிரீன் டாக்ஸ் வரும், அந்த கணக்கயும் விலைல கழிச்சு பேசச் சொல்லு. திரும்ப விக்கறப்ப ஏதாவது கெடைக்கும்னு மட்டும் நெனச்சு வாங்க வேண்டாம்.

இப்ப உனக்கு ஒரு சோலி. காந்திபுரம் சிக்னல் பக்கம் ஒரு பால் வண்டிக்காரன் என் டிரைவர் சைடு கண்ணாடிய ஒரசி கழட்டிட்டு போயிட்டான், இப்ப டேப் ஒட்டி ஓட்டிட்டு இருக்கேன். உக்கடத்துல இல்ல. நீ எக்மோர் பக்கம் போறப்ப அப்படியே புதுப்பேட்டைல ஒரு எட்டு பாரு. கண்ணாடி ஒடஞ்சிருந்தா பரவால்ல, அது தனியா வெட்டி ஒட்டிக்கலாம், ஹவுசிங்கும் உள்ள மோட்டாரும் முழுசா இருக்கணும், கலர் எதுவானாலும் சரி, இங்க பெயிண்ட் அடிச்சுக்கறேன். வேற எதையாவது குடுத்து "சேரும் சார்"ம்பான், கேக்காத, இடது பக்கத்தோடது போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்பறேன், அது மாதிரியே இருந்தா மட்டும் வாங்கு. ஃபியட்டுன்னு முதல்லயே சொல்லிராத, சொன்னா கெடைக்காத சாமான்னு ரேட்ட ஏத்துவான், சும்மா வேற எதையாவது பார்க்கற மாதிரி பார்த்துட்டு கடைசில கேளு. எவ்வளவுன்னு சொல்லு, ஜிபே பண்ணிர்றேன், பார்சல் ஆபீஸ்ல போட்டு விட்டா போதும்.

தங்கச்சிய கேட்டதா சொல்லு. சுகர் மாத்திரைய ஒழுங்கா போடு.

உன்
பங்காளி