15,000 ரூபாய்க்கு கேம் மெஷினா? முதலில் டியூபைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூடிப்போன கேம் சென்டர்களின் பழைய வீடியோ கேம் மெஷின்களை அடிமாட்டு விலைக்கு எடுத்து, சின்னச் சின்ன ரிப்பேர் பார்த்து, பள்ளிக்கூடம் பக்கம் ஒரு கடை பிடித்துப் போட்டால் நல்ல வருமானம் என்று உங்கள் சுயதொழில் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு என் அக்கா மகன் போன் போட்டான். "மாமா, ஆறு மெஷின் இருக்கு, ஒண்ணு 15,000, மொத்தமா எடுத்தா 75,000-க்குத் தர்றாங்களாம், எடுக்கலாமா?" 1990-களில் திருச்சியில் ஐந்து மெஷின் போட்டு பார்லர் நடத்தியவன் நான், அதனால் என்னிடம் கேட்டான்.

எனக்குச் சண்டை அந்த "சின்ன ரிப்பேர்" என்ற வார்த்தையோடுதான். "ஓடிக்கிட்டிருந்த மெஷின் சார், ஒயர் ஏதோ லூஸ்" என்றுதான் விற்கிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஒயர்தான் லூஸ் என்றால் பத்து நிமிடத்தில் அவரே மாட்டி, இரண்டு மடங்கு விலைக்கு விற்றிருக்க மாட்டாரா?

சரி, போய்த்தான் பார்ப்போமே என்று டார்ச்சும் மல்டிமீட்டரும் எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் ரோட்டில் இருந்த அந்த குடோனுக்குப் போனோம். இரண்டு கேபினட்டின் அடிப்பலகை தண்ணீரில் ஊறி, டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி வீங்கியிருந்தது. அதைப் பார்த்துத்தான் பையன் முகம் சுளித்தான், ஆனால் அது பெரிய விஷயமே இல்லை, ஒரு தச்சர் ஒரே நாளில் மாற்றிவிடுவார். ஜாய்ஸ்டிக், பட்டன், அதற்கடியில் இருக்கும் மைக்ரோ சுவிட்ச், மெஷினுக்கு கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி எல்லாம் இன்றைக்கும் சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ கிடைக்கிற சாமான்தான்.

கிடைக்காதது பிக்சர் டியூப். இப்போது யாரும் புதிதாகச் செய்வதில்லை. மெஷினை அணைத்த பிறகும் ஒன்றின் கண்ணாடியில் "இன்சர்ட் காயின்" என்ற எழுத்து நிழலாகத் தெரிந்தது, வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்து பதிந்துபோன தடம் அது. இன்னொன்றில் படம் தெளிய ஐந்து நிமிடம் ஆனது. அந்த டியூபுக்கு ஆயுசு அவ்வளவுதான். "அரசு கொடுத்த இலவச டிவி டியூபை எடுத்து மாட்டினா?" என்று கேட்டான் பையன். நல்ல யோசனைதான், ஆனால் அது 14 அங்குலம், இந்த கேபினட்டுக்கு 20 வேண்டும், அப்புறம் டியூப் கழுத்தில் இருக்கும் பின்னும், யோக் என்கிற காயிலும் வேறு ஒத்துப்போக வேண்டும். கம்ப்யூட்டர் மானிட்டரை அப்படியே சொருகவும் முடியாது, கேமை ஓட்டும் பழைய சர்க்யூட் போர்டு தருவது 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னல், மானிட்டர் எதிர்பார்ப்பது 31. நடுவில் ஒரு கன்வர்ட்டர் போர்டு போட்டால் படம் வரும், ஆனால் பழைய கண்ணுக்கு அது ஒட்டவே ஒட்டாது.

அடுத்தது போர்டு. 1980-களின் நடுவில் ஜப்பான்காரர்கள் ஜாம்மா என்று 56 பின் கனெக்டரைப் பொதுவாக்கியதால் ஒரு போர்டைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம், அது நமக்கு வசதி. ஆனால் கேப்காம் என்ற ஜப்பான் கேம் கம்பெனியின் சிபிஎஸ்-2 வகை போர்டுகளில் ஒரு பேட்டரி உண்டு, அது தீர்ந்தால் கேமைத் திறக்கும் சாவித் தகவல் அழிந்து கேமே வராது. திரும்ப எழுத இப்போது வழி வந்துவிட்டது, நம் பக்கத்தில் அதைச் செய்கிற ஆளை நான் பார்த்ததில்லை. சில போர்டுகளில் பேட்டரி கசிந்து, பச்சைப் பச்சையாகப் பூத்து, பக்கத்துச் செம்புக் கோடுகளையெல்லாம் தின்றுவிட்டிருக்கும். டார்ச் எடுத்துப் போனது அதற்குத்தான்.

ஒரு மெஷின் ஆன் ஆகி ஆகி அணைந்தது. மீட்டர் வைத்தால் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 4.6. எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் சின்னத் திருகைக் கொஞ்சம் திருப்பினேன், முஸ்தபா ஓட ஆரம்பித்துவிட்டான்! (1993-ல் கேப்காம் விட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸைத்தான் நம் பையன்கள் அப்படிக் கூப்பிடுவார்கள்.) உடனே விலையும் 15,000-லிருந்து 25,000 ஆனது. விற்கிறவர் முன்னால் எதையும் சரிசெய்யாதீர்கள்.

டியூப் பின்னால் ரப்பர் தொப்பிக்கு அடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தேங்கி நிற்கும். 1996-ல் எனக்கு அடித்த அடியில் கை பின்னால் போய் கேபினட் ஆணியில் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. யூடியூப் பார்த்துத் திறக்கிறவர்கள், டியூபை எப்படி எர்த் செய்வது என்பதைப் பழைய டிவி மெக்கானிக் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொண்டு அப்புறம் கை வையுங்கள். ஜப்பானிலிருந்து வந்த மெஷின் 100 வோல்ட்டுக்குச் செய்தது, அதை நேராக நம் பிளக்கில் சொருகினால் புகைதான் வரும்.

கடைசியில் ஆறையும் எடுக்கவில்லை. ஒரே மாடலில் இரண்டு இருந்தன, பேரம் பேசி 24,000-க்கு வாங்கினோம், ஒன்று ஓடுவதற்கு, இன்னொன்று அதற்கு ஸ்பேர். ஆறு விதமாக ஆறு வாங்கியிருந்தால் ஒன்றின் சாமான் இன்னொன்றுக்கு உதவாது. வருமானம் என்று இதுவரை ஒரு ரூபாய் வரவில்லை, கையில் போன் இருக்கிற பையன் ஒரு ஆட்டத்துக்கு 10 ரூபாய் தருவானா சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் வந்து ஓசியில் ஆடிவிட்டுப் போகிறார்கள், அக்காவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

மீதி நான்கையும் யாரோ எடுத்துவிட்டதாகக் கேள்வி. அவர் உங்கள் வாசகராக இருந்தால், பலகை வீங்கிய அந்த இரண்டையும் சிமெண்ட் தரையிலிருந்து தூக்கி இரண்டு செங்கல் மேலே வைக்கச் சொல்லுங்கள், மழைக்காலம் வருகிறது.

– பழைய பார்லர்காரர் ஒருவர், திருச்சி