11 நாவல்களை அனுப்பிய 11 பேருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

நம்ம ஊர் நாவல் போட்டிக்கு நீங்கள் அனுப்பிய 11 கையெழுத்துப் படிகளையும் இந்தச் சித்திரை வெயிலில், மதியமானால் ஃபேன் அனலை வாரி இறைக்கிற எங்கள் சத்துவாச்சாரி வீட்டில் உட்கார்ந்து, ஒரு பக்கம் விடாமல் படித்தேன். பரிசு யாருக்கு என்பதை மற்ற நடுவர்களோடு பேசித்தான் முடிவு செய்வோம், அதைப் பற்றி இதில் ஒன்றும் கிடையாது. எல்லாரிடமும் ஒரே குறை இருப்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

உங்கள் நாவல்களில் வேலூர் இருக்கிறது. வேலைக்குப் போகிற ஆள் இல்லை.

ஏழு படிகள் கோட்டை வர்ணனையில் தொடங்குகின்றன. நானும் அதைச் செய்தவள்தான். ஏழு வருஷம் இழுத்து எழுதிய என் முதல் நாவலில் முதல் 40 பக்கமும் கோட்டை, அகழி, அகழியில் நிலா. படித்த பதிப்பாளர் திருப்பிக் கொடுக்கும்போது, "கோட்டை நல்லா இருக்கும்மா, ஆளுங்க எப்ப வருவாங்க?" என்றார். அவரை மாசக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்த 40 பக்கத்தையும் எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன், கதைக்கு ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் கதாநாயகன் காதலிக்கிறான், காட்பாடி ஜங்ஷனில் நின்று அழுகிறான், சரி. அவனுக்குச் சம்பளம் எந்தத் தேதியில் வரும்? ஒரு நாள் லீவு போட்டால் எவ்வளவு பிடிப்பார்கள்? யாரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறான், அந்த ஆளைப் பார்க்காமல் வீட்டுக்குப் போக எந்தத் தெருவைச் சுற்றுகிறான்? இதெல்லாம் தெரிந்தால் அடுத்த காட்சிக்கு நீங்கள் மூளையைக் கசக்க வேண்டாம். அவன் அந்தச் சுற்றுத் தெருவில் போகும்போதுதான் யாரையோ பார்ப்பான்.

எங்கம்மா குடியாத்தத்தில் பீடி சுற்றினார். இலையை முந்தின ராத்திரியே நனைத்து வைக்க வேண்டும், காலையில் அளவுத் தகடு வைத்துக் கத்தரிக்க வேண்டும், தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்க வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. சரியில்லை என்று ஏஜெண்டு கழித்துப் போடுகிற கட்டுக்குக் காசு கிடையாது. இப்போது அந்தம்மாவின் மகளுக்கு நாளை பரீட்சை, ஆயிரத்துக்கு இன்னும் 150 குறைகிறது, நூல் கட்ட ஆள் வேண்டும் என்று வையுங்கள். அம்மா வாயைத் திறந்து கூப்பிடமாட்டார், முறத்தை மட்டும் கொஞ்சம் மகள் பக்கம் நகர்த்துவார். "அவள் மிகவும் வறுமையில் வாடினாள்" என்று எழுதத் தேவையே இருக்காது.

யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பதிலும் எல்லாரும் வழுக்குகிறீர்கள். ஒரு படியில் 20 வருஷமாகப் பேரணாம்பட்டு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டுகிறவன் காலையில் உள்ளே நுழைந்ததும் தோல் நாற்றம் குப்பென்று அடித்துக் குமட்டுகிறது. தம்பி, அது உனக்கு அடித்த நாற்றம். அவனுக்கு அது எப்போதோ மரத்துப்போயிருக்கும். சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பும்போதுதான் அவனுக்குத் தன் சட்டை நினைவுக்கு வரும். அந்த பஸ்ஸை எழுது, டேனரி தானாக வந்துவிடும்.

1806 சிப்பாய்ப் புரட்சியை நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். நாலுமே ஜூலை 10 விடியற்காலைத் துப்பாக்கிச் சத்தத்தில் ஆரம்பிக்கின்றன. அதற்கு முன்னால் நடந்தது எங்கே? நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை கட்டு என்று உத்தரவு வந்தது, மே மாதமே மறுத்தவர்களுக்குக் கசையடி விழுந்தது. அந்தத் தலைப்பாகையைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற ஒருவன், அதை எங்கே வைப்பான்? சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியுமா? பெண்டாட்டி தொடுவாளா? ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கியதை யார் வேண்டுமானாலும் படித்து எழுதலாம். இந்த ஒரு ராத்திரியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

தகவல் பிழைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1974இல் நடக்கிற கதையில் கதாநாயகி கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் சன்னதியில் விளக்கேற்றுகிறாள். லிங்கம் எங்கள் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குள் போனதே 1981இல்தான், அதுவரை கருவறை காலி. சாமியில்லாத கோயில் என்று ஊரைக் கேலி செய்தது சும்மா இல்லை. இன்னொன்றில் 2005இல் ஒருத்தர் ராணிப்பேட்டை மாவட்டக் கலெக்டரிடம் மனு கொடுக்கிறார், அந்த மாவட்டம் பிறந்தது 2019இல். கதை நடக்கிற வருஷங்களை ஒரு தாளில் வரிசையாகப் போட்டு, பக்கத்தில் ஆட்களின் வயதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் இரண்டாவது நாவலில் ஒரு தாத்தா தன் மகனைவிட எட்டு வயசுதான் மூத்தவர். அச்சாகியே விட்டது.

பேச்சைப் பற்றி ஒன்று. "இன்னாபா", "கீது", "வந்துகினு" என்று ஒவ்வொரு சொல்லையும் உடைத்து எழுதினால் நம்ம ஊர்க்காரனே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வரிக்கு ஒரு சொல் போதும், மிச்சத்தை வாக்கியத்தின் ஓட்டம் பார்த்துக்கொள்ளும். அப்புறம் இந்தப் பக்கத்தில் ஒரே தெருவில் தெலுங்கும் உருதும் கேட்கும், ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் லாட்ஜ் போர்டே வங்காளத்தில் இருக்கும். உங்கள் 11 படிகளிலும் எல்லாரும் ஒரே தமிழில் பேசுகிறார்கள்.

படிகளை வருகிற ஞாயிறு காலை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன், பிடிக்காததை அழித்துவிடலாம். லுங்கித் தறிக் குடும்பத்தைப் பற்றி எழுதிய தங்கைக்கு மட்டும்: உன் படியில் 62ஆம் பக்கத்தை மடக்கி வைத்திருக்கிறேன், அப்பா தறியை விற்கப் பேரம் பேசுகிற இடம். முன்னால் இருக்கிற 61 பக்கத்தையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு அங்கிருந்து ஆரம்பித்துப் பாரும்மா.

அன்புடன்,
உங்கள் நடுவர்களில் ஒருத்தி