மணல் ஒட்டிய விரலும் சூடான பொட்டலமும்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த கடற்கரைக் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அலை, காற்று, அஸ்தமனம் என்று உருகியவர் பொரித்த மீன் பொட்டலத்தை மறந்துவிட்டாரே! சின்ன வயதில் எங்களைக் கடலுக்கு இழுத்தது அலை பாதி, எண்ணெய் வாசனை பாதி.

சுமார் 180 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் மாவில் தோய்த்த மீன் துண்டு விழுந்ததும் சடசடவென்று பொங்குமே, அது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறும் சத்தம். அந்த ஆவி வந்துகொண்டிருக்கும்வரை எண்ணெய் அதிகம் உள்ளே புகாது. வெளியே எடுத்து ஆறும்போதுதான் மேலே ஒட்டிய எண்ணெய் உள்ளே இறங்குகிறது. அதனால்தானோ என்னவோ, அப்பா கடைக்காரரிடம் "நல்லா உதறிப் போடுங்க" என்பார். இப்போது தரும் மூடிய பெட்டியில் அதே ஆவி அடைபட்டு, மணலில் போய் உட்காருவதற்குள் மொறுமொறுப்பு போய்விடுகிறது. காகிதப் பொட்டலமே தேவலை. (உங்கள் நாளிதழில் மடித்ததைச் சொல்லவில்லை, அச்சு மை வயிற்றுக்கு ஆகாது.)

அப்புறம் கடற்காகங்கள். முறைத்துப் பார்த்தால் அவை உணவை நெருங்கத் தயங்கும் என்று பிரிட்டனின் எக்சிடர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2019-இல் சொன்னது. போன மாதம் நானும் முறைத்தேன். முன்னால் நின்றது தயங்கியது. பின்னாலிருந்து வந்தது கடைசித் துண்டைக் கொண்டுபோய்விட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்