அல்லா நஸிமோவா மாலைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு நம் மாதாந்திரப் படக்கூட்டம் நல்லபடியாக முடிந்தது. 'சலோமி' என்ற நூறு வருடப் பழசான பேசாப் படம், அதுவும் பெயரே வாயில் நுழையாத ஒரு ரஷ்ய நடிகை. பத்துப் பேர் வந்தாலே அதிகம் என்றுதான் நினைத்திருந்தேன். நாற்காலி போதாமல் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்தார்கள். கடைசியில் நன்றி சொல்ல எழுந்தால் மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதித் தீர்க்கிறேன்.

முதலில் டாக்டர் தம்பி. கிரிமியாவில் சிம்ஃபெரோபோலில் மருத்துவம் படித்தவர். அங்கிருந்து கருங்கடல் கரையில் இருக்கும் யால்டாவுக்கு 86 கிலோமீட்டர் தூரம், தலைக்கு மேல் போகும் மின்கம்பியில் டிராலிபஸ் ஓடுகிறது, உலகத்திலேயே நீளமான தடம் அதுதான் என்று அவர் சொல்லித்தான் தெரியும். அல்லா 1879-ல் பிறந்தது அந்த யால்டாவில், ஒரு யூதக் குடும்பத்தில். அடெலைடா யாக்கவ்லெவ்னா லெவென்டன் என்பது இயற்பெயர், அல்லா நஸிமோவா என்பது மேடைப் பெயர். நடுவில் இருப்பதைக் குடும்பப் பெயர் என்று நான் நோட்டீஸில் எழுதியிருந்தேன். "அது அப்பா பேருண்ணே, யாக்கவ் மகள்னு அர்த்தம், நம்ம இனிஷியல் மாதிரி" என்று அச்சுக்குப் போகுமுன் தடுத்தார். அந்த யாக்கவ் மருந்துக்கடை வைத்திருந்தவர், பொல்லாத கோபக்காரர். சின்ன வயதில் வயலின் வாசித்துக் கைதட்டல் வாங்கி வந்த மகளை அடித்தார் என்று அல்லாவின் வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. நம் கூட்டத்தில் படம் நெடுக வயலின் வாசித்த அக்கா, ஒத்திகையில் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வில்லைக் கீழே வைத்துவிட்டார். 74 நிமிடம் மூச்சு விடாமல் வாசித்தீர்கள் அக்கா. உங்கள் விரல்களுக்கு என் வணக்கம்.

மாஸ்கோவில் நெமிரோவிச் தான்சென்கோ என்ற நாடக ஆசானிடம் பாடம், மாஸ்கோ கலை அரங்கில் சின்னச் சின்ன வேடங்கள், அப்புறம் பாவெல் ஒர்லெனெவ் என்ற நடிகரோடு ஊர் ஊராக நாடகம் என்று போன கதையை நான் வேகமாகச் சொல்லி முடித்துவிட்டேன். எனக்கு நியூயார்க் போக அவசரம். 1905-ல் அந்தக் குழு அங்கே போய் இறங்கியபோது கையில் காசும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. கைகொடுத்தவர் எம்மா கோல்ட்மன். அரசாங்கமே ஆபத்தானவர் என்று கண்காணித்த அராஜகவாதப் பேச்சாளர், வேறு பெயரில் இவர்களுக்காக அலைந்தார். நகரத்தை ஒட்டிய ஹன்டர்ஸ் தீவில் எல்லோரும் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். ஒர்லெனெவ் சும்மா இருக்கவில்லை. எம்மா பத்திரிகை தொடங்கப் பணம் சேர்க்க ஒரு நாடகம் போட்டுக் கொடுத்தார்.

குழு கடனில் மூழ்கி 1906-ல் ஊர் திரும்பியது. அல்லா தங்கிவிட்டார். கரோலின் ஹாரிஸ் என்ற நடிகை அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். ஆறே மாதத்தில், அந்த நவம்பரில், நார்வே நாடகாசிரியர் இப்ஸனின் 'ஹெட்டா காப்ளர்' நாடகத்தில் ஹெட்டாவாக ஆங்கிலத்தில் மேடை ஏறி நியூயார்க்கையே திரும்பிப் பார்க்க வைத்தார். நான் முப்பது வருடமாக ஆங்கிலம் படிக்கிறேன், அதை விடுங்கள். பத்து வருடம் கழித்து, 1916-ல் தன் முதல் படமான 'வார் பிரைட்ஸ்' படத்தில் நடித்தபோது, கரோலினின் மகன் ரிச்சர்ட் பார்தெல்மெஸைக் கூட்டி வந்து நடிக்க வைத்தார். அந்தப் பையன் பின்னாளில் பெரிய நட்சத்திரம். டியூஷன் ஃபீஸை இப்படி வட்டியோடு கட்டியவரை நான் வேறெங்கும் படித்ததில்லை. இந்தத் தகவலைத் தேடி எடுத்துக் கொடுத்த நூலகத் தம்பிக்குத் தனியாக ஒரு கும்பிடு. என் பேச்சே இதைச் சுற்றித்தான் அமைந்தது.

தமிழ் டீச்சரம்மா இல்லாவிட்டால் அந்த மாலையே இல்லை. படத்தின் நடுவில் வரும் எழுத்து அட்டைகளை எல்லாம் தமிழாக்கி, பழைய டூரிங் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வார்களாமே, அந்த மாதிரி உரக்க வாசித்தார். நாங்கள் போட்ட 'சலோமி', பைபிள் கதையில் வரும் இளவரசியைப் பற்றி ஆஸ்கார் வைல்ட் எழுதிய நாடகத்தை வைத்து எடுத்தது. நடாஷா ரம்போவா வடிவமைத்த வெள்ளையும் கறுப்புமான அரங்கம், ஒவ்வொரு அசைவுக்கும் தலையில் ஆடும் மணிகள், கூண்டுக்குள் தீர்க்கதரிசி. முன்வரிசையில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பாப்பா, "சலோமிக்கு பதினாலு வயசுன்னு சொன்னீங்க, இந்தம்மாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள். நாற்பதைத் தாண்டிவிட்டது என்றேன். "அப்ப தைரியம்தான்" என்றாள். விமர்சகர்கள் எழுதியதையெல்லாம் விட இது எனக்குப் பிடித்தது.

தைரியத்துக்குக் குறைவே இல்லை. மெட்ரோ படக் கம்பெனி அவருக்கு வாரம் 13,000 டாலர் கொடுத்தது, அன்றைய பெரிய நட்சத்திரம் மேரி பிக்ஃபோர்டுக்குக் கிடைத்ததைவிட அதிகம். 1921-ல் ருடால்ஃப் வாலன்டினோ என்ற நடிகரோடு 'கமீல்' படம் செய்தபின் அங்கிருந்து வெளியே வந்தார். தன் சேமிப்பைப் போட்டு, தானே தயாரிப்பாளராகி, 'பொம்மை வீடு', 'சலோமி' இரண்டையும் எடுத்தார். இயக்குநர் என்று திரையில் வருவது சார்ல்ஸ் பிரையன்ட் பெயர். படப்பிடிப்பை நடத்தியது அல்லாதான் என்பது ஊரறிந்த விஷயம். 'பொம்மை வீடு' இன்று தொலைந்துபோன படம். 'சலோமி'க்கு மூன்றரை லட்சம் டாலர் செலவு. 1923-ல் வெளியாகி அடியோடு விழுந்தது. அதே படத்தை 2000-ல் அமெரிக்கா தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. போட்ட பணத்துக்கு அது என்ன பதில்?

பணம் என்றதும் கணக்கு. அன்றைய வசூல் 4,650 ரூபாய், செலவு 5,400. துண்டு விழுந்த 750-ஐ, பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு, மளிகைக்கடை மாமா கொடுத்துவிட்டார். மாமா, அல்லாவுக்கு உங்களைத் தெரியாமல் போய்விட்டது.

பணம் போனபின் அல்லாவுக்கு மிஞ்சியது ஹாலிவுட்டில் சன்செட் பூலேவார்ட் என்ற சாலையில் இருந்த வீடும் தோட்டமும்தான். அதில் வில்லாக்கள் கட்டி 1927-ல் ஓட்டல் ஆக்கினார். 'அல்லாவின் தோட்டம்' என்று பெயர். அதுவும் கையை விட்டுப் போனது. வாங்கியவர்கள் Alla என்ற ஆங்கிலப் பெயரின் கடைசியில் h என்று ஒரு எழுத்தைக் கூட்டினார்கள், நடிகையின் தோட்டம் இறைவனின் தோட்டமாகிவிட்டது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். நம் நோட்டீஸைப் பார்த்த இரண்டு பேர் இது மதச் சொற்பொழிவா என்று விசாரித்ததற்கும் அதுவே காரணம். அங்கிருந்த நீச்சல் குளம் கருங்கடல் வடிவம் என்பார்கள். டாக்டர் தம்பி புகைப்படத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் ஒத்துக்கொள்ளவில்லை.

பிறகு மேடைக்குத் திரும்பி, 1931-ல் அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓநீலின் நாடகத்தில் கிறிஸ்டீன் என்ற வேடத்தில் மறுபடி உச்சிக்குப் போனார். 1940-களில் சில படங்களில் சின்ன வேடங்கள். கடைசிக் காலத்தில் அந்தத் தோட்டத்திலேயே ஒரு வில்லாவில் வாடகைக்குக் குடியிருந்து, 1945 ஜூலையில் காலமானார். நான் இந்த இடத்தைச் சொல்லும்போதுதான் முதல் தூறல் விழுந்தது. படம் அதற்குள் முடிந்திருந்தது, நல்ல வேளை.

புரொஜெக்டரைத் தன் சட்டையைக் கழற்றி மூடிக்கொண்டு கீழே ஓடிய தம்பிக்கும், திரைக்குத் தன் எட்டு முழ வேட்டி இரண்டைக் கொடுத்து அது நனைந்ததையும் பொறுத்துக்கொண்ட பெரியவருக்கும், நாற்காலிகளை இரவோடு இரவாகத் துடைத்து அடுக்கிய பிள்ளைகளுக்கும் நன்றி.

மாடி கொடுத்து, அத்தனை பேருக்கும் சுக்குக் காபி போட்டுத் தந்த அத்தைக்கு: உங்கள் பித்தளை டம்ளர் இரண்டு எங்கள் பையோடு கலந்து வந்துவிட்டன. வேட்டியையும் துவைத்துவிட்டேன். ஞாயிறு காலை எல்லாவற்றையும் கொண்டுவந்து தருகிறேன்.