பயணப்படி

வெனிஸ்,
ஜனவரி 28, இரவு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நலம். உன் அம்மாவும் நலம், முழங்காலைத் தவிர. நீ தினமும் கேட்கிற மூன்று கேள்விகளுக்கும் பதில்: சாப்பிட்டோம், மாத்திரை போட்டோம், ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. போனில் சொன்னதையே எதற்கு எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் நீ "சொல்லுங்கள் அப்பா" என்றதும் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. அங்கே பனி பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

இதைத் தபாலில் போடப் போவதில்லை. நாங்கள் சென்னைக்கு விமானம் ஏறுகிற அன்று உன் அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டுப் போவேன். நீ எப்போது திறப்பாயோ அப்போது படி. பொங்கலுக்கு வந்த அன்று உன் அம்மா அதைத் திறந்தபோது அரிசியில் வண்டு விழுந்திருந்தது. சமைக்கிற வீட்டில் வண்டு விழுகிற வரைக்கும் அரிசி மிஞ்சாது என்றாள். ஜெர்மனி அரிசி அப்படித்தான் என்று நான் சொல்லிவைத்தேன்.

ஊர் நன்றாக இருக்கிறது. ஸ்டேஷன் படியிறங்கினால் ஆட்டோ நிற்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நிற்கிறது. ஒன்றாம் நம்பர் படகு பஸ்ஸில் பெரிய வாய்க்கால் வழியாக வந்தோம். டிக்கெட் ஆளுக்கு ஒன்பதரை யூரோ. ரூபாயில் கணக்குப் போடாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினாய். போட்டேன். படகில் இடம் இருந்தது. குளிர்காலத்தில் கூட்டம் குறைவு என்று நீ சொன்னது சரி. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மூடுபனி இறங்கினால் எதிர்க்கரை வீடுகள் அழித்த கரும்பலகை மாதிரி ஆகிவிடுகின்றன.

ஹோட்டல் அறையும் வசதிதான். மேசைமேல் ஒரு பாட்டிலும் ஓர் அட்டையும் இருந்தன. பத்தாம் ஆண்டு மணநாள் வாழ்த்து என்று ஆங்கிலத்தில் அச்சிட்டு, பெயர்களை மட்டும் கையால் எழுதியிருந்தார்கள். உன் பெயரும் மாப்பிள்ளை பெயரும். உன் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. உன் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறை படித்தாள், கழற்றிவிட்டு ஒரு முறை படித்தாள். பிறகு கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, ஹோட்டல் பணம் திரும்பாது, நீங்களாவது போய் வாருங்கள் என்று நீ சொன்னாய். அதைத்தான் நான் நம்புகிறேன். அவர் வேலை அப்படி. பொங்கலன்றுகூட ஹாம்பர்க் போக வேண்டியிருந்ததே. நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ வெளியே போகும்போது குல்லாய் போட்டுக்கொள். காது மூடியிருக்க வேண்டும்.

எல்லாரும் பார்க்கிறதை நாங்களும் பார்த்தோம். மாற்கு தேவாலயம், அரண்மனை, பெருமூச்சுப் பாலம். சதுக்கத்தில் இருக்கும் அந்த உயரமான மணிக்கூண்டு 1902 ஜூலை 14 அன்று அப்படியே சரிந்து விழுந்ததாம். செத்தது காவலாளியின் பூனை மட்டும். 1912இல் அதே இடத்தில் அதே உருவத்தில் எழுப்பிவிட்டார்கள். திருவிழாவுக்கு மேடை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், கடைகளில் முகமூடி தொங்குகிறது. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

மூன்று நாளாக நான் பார்ப்பது கிணறு. சிரிக்காதே. இங்கே ஒவ்வொரு சதுக்கத்தின் நடுவிலும் செதுக்கிய கல் உறை ஒன்று இரும்பு மூடியோடு நிற்கிறது. சுற்றிலும் உப்புத் தண்ணீர். இவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? சதுக்கத்தைத் தோண்டி, அடியிலும் பக்கங்களிலும் களிமண் பூசி, உள்ளே மணலை நிரப்பி, நடுவில் செங்கல் உறையை இறக்கியிருக்கிறார்கள். தளத்துக்கு மெல்லிய வாட்டம். துளைபோட்ட கற்கள் வழியாக மழைத் தண்ணீர் இறங்கி, மணலில் வடிந்து, நடு உறைக்கு வந்து சேரும். கிணறு என்று பெயர்தான், ஊற்று கிடையாது, அத்தனையும் மழை. போதாத காலத்தில் ஆற்றுத் தண்ணீரைப் படகில் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள். 1884இல் குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊர் இப்படித்தான் குடித்தது. நம் ஊரில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது, பிளாஸ்டிக் குழாயைச் சுவரில் ஒட்டி நுனியை மண்ணில் செருகிப் போட்டோ எடுத்துக் கொடுத்தவர்கள் உண்டு. நம் தெருவில் அந்த வரிசையில் முதல் ஆள் உன் சின்ன மாமா.

ஒரு சதுக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் தயங்கியது, ஒரு கல்லின் விளிம்பில் நின்றது, பிறகு வழி கண்டுபிடித்துத் துளைக்குள் இறங்கிவிட்டது. வாட்டம் இன்னும் தவறவில்லை! உன் அம்மா நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டாள், இந்த ஆளை எனக்குத் தெரியாது என்பதுபோல.

வெள்ளம் வரும் என்று நீ பயந்தாயே. 1966 நவம்பர் 4இல் 194 சென்டிமீட்டர் ஏறியது, 2019 நவம்பர் 12இல் 187. இப்போது காயலின் மூன்று வாய்களிலும் 78 இரும்புக் கதவுகள் கடலடியில் படுத்திருக்கின்றன. 110 சென்டிமீட்டர் தாண்டும் என்று முன்னறிவிப்பு வந்தால் காற்றை உள்ளே செலுத்துவார்கள். உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறி, கதவு தானே மிதந்து எழுந்துவிடும். 2020 அக்டோபர் 3 அன்று முதல்முறையாக வெள்ளத்தை நிறுத்தியது. நாங்கள் வந்த நேரம் நேர்மாறு. தண்ணீர் வற்றி, சின்ன வாய்க்கால்களில் படிக்கட்டின் பாசி பிடித்த பகுதி தெரிகிறது. நேற்றைவிட இன்று ஒரு படி இறங்கியிருக்கிறது.

பார், மறுபடியும் உனக்கு நீர்மட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கொண்டோலா என்கிற துடுப்புப் படகுக்கு அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு உன் அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு யூரோவுக்கு எதிர்க்கரையில் கொண்டுபோய் விடுகிற படகு ஒன்று இருக்கிறது, அதில் ஏறினோம். அவள் படகில் கால் வைக்கும்போது கை கொடுத்தவன் படகுக்காரன். நான் முன்னாலேயே ஏறி, டிக்கெட் காசை எண்ணிக்கொண்டிருந்தேன். இறங்கியதும் மூடுபனி. வழக்கம்போல நான் முன்னால், அவள் பின்னால். இரண்டு பாலம் தாண்டித் திரும்பினால் ஆளைக் காணோம். பத்து நிமிடம் இருக்கும். பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை, தேன்மொழி. நாற்பது வருடத்தில் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இங்கே பார், இங்கே பார்" என்று இத்தாலியச் சந்துகளில் கத்திக்கொண்டு போனேன்.

ரியால்தோ பாலத்துக்கு அருகில் ஒரு சிறிய முற்றத்தில், படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். இது என்ன இடம் என்று கேட்டாள். சுவரில் பார்த்தால் மார்க்கோ போலோ பெயரில் இருக்கிற முற்றம். வீடு இப்போது இல்லை. அங்கே ஒரு நாடக அரங்கு நிற்கிறது. நமக்குத்தான் தெரிந்த கதை ஆயிற்றே, ஆரம்பித்துவிட்டேன். நம் கடற்கரைக்கு வந்தவன், காயல் துறைமுகத்தில் இறங்கியவன், நம் ஆட்கள் உதட்டில் படாமல் அண்ணாந்து தண்ணீர் குடிப்பதைக்கூட எழுதிவைத்திருக்கிறான் என்றேன். அவள் என் பாட்டிலை வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டு, அவனுக்கு அப்பா அம்மா இல்லையா என்று கேட்டாள். அப்பா வியாபாரத்துக்குக் கிழக்கே போய்விட்டார், 1269இல் திரும்பி வந்தபோது மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைக்கு 15 வயது என்றேன்.

"பதினைந்து வருடமா?" என்றாள். மூடியைத் திருகிக்கொண்டே, "நீங்கள் இரண்டு வருடம்தானே" என்றாள்.

அரசாங்கம் மாற்றியது, நான் என்ன செய்ய முடியும் என்று சொன்னேன். முப்பது வருடமாகச் சொல்கிற பதில், தானாக வாயில் வந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "மாறுதல் பயணப்படி வரவே இல்லையே. கேட்டு வாங்கின மாறுதலுக்குத்தானே பயணப்படி கிடையாது. வீட்டுக் கணக்கு எழுதியது நான்தானே."

தேன்மொழி, 1996இல் என்னை அந்த அணைக்கு யாரும் மாற்றவில்லை. நானே மனு எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனேன். உன் அத்தை கல்யாணத்துக்கு உன் அம்மாவின் வளையல்களை அடகு வைத்தது உனக்குத் தெரியும். அவளிடம் சொல்லாமல் வைத்தேன் என்பது உனக்குத் தெரியாது. பீரோவில் இல்லை என்று தெரிந்த பிறகும் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன், முடிந்திருக்கும். தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு வரி சொல்வதற்குப் பதிலாகத் துறைக்கு ஒரு பக்கம் மனு எழுதினேன். உங்களிடம் அரசு உத்தரவு என்று சொன்னேன்.

நீ அப்போது மூன்றாம் வகுப்பு. இன்லேண்டில் மூன்று பக்கமும் நிரப்பி எழுதுவாய், கடைசியில் அப்பா எப்போது வருவீர்கள் என்று இருக்கும். நான் பதிலுக்கு, இன்று 83 அடி, நீர்வரத்து குறைவு என்று எழுதுவேன். நீ அதையெல்லாம் கட்டம் போட்ட நோட்டில் வரைபடமாகப் போட்டு, உன் கணக்கு டீச்சர் அதற்கு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார். லீவில் வந்தபோது காட்டினாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்ஜினீயர் ரத்தம் என்று அலுவலகம் முழுக்கச் சொன்னேன். ஆனால் அந்த வரைபடத்தில் இரண்டு இடங்களில் புள்ளி இல்லை. அங்கே பென்சிலால் 'அப்பா கடிதம் வரவில்லை' என்று எழுதியிருந்தாய். அப்போதே பார்த்தேன். பார்க்காத மாதிரிப் பக்கத்தைத் திருப்பினேன்.

திரும்பி வந்த பிறகும் நாங்கள் அதைப் பேசவில்லை. பால் கணக்கு, ரேஷன் கார்டு என்று விட்ட இடத்தில் தொடங்கிவிட்டோம். நேற்றுவரை அப்படித்தான். நேற்றும் அவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து நடந்தாள். பாலம் இறங்கும்போது என் கையைப் பிடிக்கவில்லை. தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் மெதுவாக நடந்தேன்.

லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னதை நான் நம்புவதாக மேலே எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தவில்லை, இருக்கட்டும். அரசாங்கம் மாற்றிவிட்டது என்று சொன்னவன் உன்னிடம் என்ன கேட்பது? ஆனாலும் பத்து நாளாக உன் வீட்டில் இருந்தோம்; நீ எங்களுக்கு மீட்டிங் நேரம் சொன்னாய், டிராம் நேரம் சொன்னாய், ஹீட்டரை எத்தனையில் வைக்க வேண்டும் என்று சொன்னாய். படித்த பெண், இவ்வளவு பெரிய வேலையில் இருக்கிறாய், எங்களை இப்படி ஊர் பார்க்க அனுப்புகிறாய், யார் பிள்ளை செய்யும்? ஆனால் ஒரு நாளாவது உட்கார்ந்து சாப்பிட்டாயா? நின்றுகொண்டே சாப்பிடாதே. உன் அம்மாவும் அந்த நாளில் நின்றுகொண்டேதான் சாப்பிட்டாள்.

பாட்டிலை என்ன செய்வதென்று தெரியவில்லை. உன் அம்மா அதைச் சால்வையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். அட்டையும் அவளிடம்தான், பாஸ்போர்ட்டோடு. நீ கேட்டால் கொடுப்பாள். கேட்காவிட்டால் அவளாகக் கொடுக்கமாட்டாள். இப்போதும் தூங்கவில்லை, தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறாள்.

நாளை மறுநாள் வண்டி. வெரோனாவில் மாற வேண்டும், நீ எழுதிக் கொடுத்த தாள் சட்டைப் பையில் இருக்கிறது. ஸ்டேஷனுக்கு வரவேண்டாம் என்று போனில் சொல்லப்போகிறேன். குளிர். எப்படியும் வந்து நிற்பாய், குல்லாய் இல்லாமல்.

அரிசியில் நாலு காய்ந்த மிளகாய் போட்டு வைக்கச் சொன்னாள் உன் அம்மா. வண்டு வராதாம்.

அன்புடன்,
அப்பா